நன்னடத்தைச் சான்று யாருக்காக?

ஆண்டுதோறும் ஜூன் மாதம் பிறந்துவிட்டால் பங்கு இல்லத்துத் திண்ணையில் இளைஞர்களும் இளம்பெண்களும் வந்து காத்து நிற்பது வழக்கம். கையில் ஓர் உறை. உறைக்குள் மதிப்பெண் பட்டியல், திருமுழுக்குச் சான்று, இரண்டு நிழற்படங்கள். கேட்பது ஒன்றே: “சாமி, ஒரு நன்னடத்தைச் சான்று வேண்டும்.” நாமும் பங்கின் பெயர் அச்சிட்ட தாளை எடுத்து, இன்னாரை மூன்றாண்டுகளாக அறிவோம், இவர் நல்லொழுக்கம் உடையவர் என்று எழுதிக் கையொப்பமிட்டு, பங்கு முத்திரையைப் பதித்துக் கொடுத்து விடுவோம். இப்பங்கிற்கு நாம் மாற்றலாகி வந்து எட்டுத் திங்களே நிறைந்திருந்த காலத்திலும் ‘மூன்றாண்டுகள்’ என்றே எழுதியதுண்டு. இறைவன் மன்னிப்பாராக.

பள்ளித் தலைமையாசிரியர்களும் நம்மைவிட மேலானவர்கள் அல்லர். மாற்றுச் சான்றிதழில் மாணவனின் நடத்தையைக் குறிக்க ஓர் இடம் உண்டு. அவ்விடத்தில் ‘நன்று’ என்னும் சொல்லைத் தவிர வேறொரு சொல்லை நாம் கண்டதேயில்லை. வகுப்பறைக் கூரையில் ஏறி ஓட்டைப் பிரித்தவனுக்கும் ‘நன்று’தான். எல்லாருக்கும் ஒரே சொல்லை எழுதினால் அச்சொல்லை எவரும் நம்பமாட்டார் என்பது வெளிப்படை. ஆகவே வேலை கொடுப்போர் இத்தாள்களைக் கோப்பில் செருகிவிட்டு, வேறு வழிகளை நாடத் தொடங்கிவிட்டனர். விண்ணப்பித்தவரின் முன்வரலாற்றை விசாரித்துத் தருவதற்கென்றே நிறுவனங்கள் இயங்குகின்றன. முன்பு வேலை பார்த்த இடம், படித்த கல்லூரி, குடியிருக்கும் தெரு, காவல் நிலையத்துப் பதிவேடு, இணையத்தில் எழுதியவை, எல்லாவற்றையும் துருவுகின்றனர். தமிழ்நாடு காவல்துறையே தன் இணையதளத்தின் வழியாக இத்தகைய சரிபார்ப்பைக் கட்டணத்திற்குச் செய்து தருகிறது.

இது தகுமா, தகாதா? இவ்வினாவை நாம் ஏட்டிலிருந்து எடுக்கவில்லை. நம் நாவே ஓர் இளைஞனின் வேலையைப் பறித்த நாளிலிருந்து இது நம்மோடு வருகிறது.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன், நாம் வேறொரு பங்கில் இருந்தபோது, பிற்பகல் வேளையில் தொலைபேசி ஒலித்தது. ஒரு நகரத்துச் சரக்குக் கிடங்கில் கணக்கெழுதும் பணிக்கு நம் பங்கு இளைஞன் ஒருவன் தேர்வாகியிருந்தான். எதிர்முனையில் பேசியவர் விசாரணை நிறுவனத்தைச் சேர்ந்தவர். பேச்சில் மரியாதை குறையவில்லை. பையன் எந்தத் தெரு என்று கேட்டார். (தெருவின் பெயரைக் கேட்பவர் உண்மையில் எதைக் கேட்கிறார் என்பது நம் நாட்டில் வளர்ந்த எவருக்கும் தெரியும்.) தகப்பனார் குடிப்பவரா, மூத்த சகோதரி எங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்றும் கேட்டார். இவற்றிற்கெல்லாம் மழுப்பலாக விடையளித்தோம். இறுதியில், “பையன் எப்படிப்பட்டவர்?” என்றார். அவனுக்கு நன்மை செய்யும் எண்ணத்துடன், உள்ளம் நெகிழ்ந்து, “மிக நல்ல பையன், இப்போது முற்றிலும் திருந்திவிட்டான்” என்றோம்.

சிறிது நேரம் மறுமுனையில் அமைதி. பின்னர், “எதிலிருந்து திருந்தினார்?” என்று கேட்டார்.

பத்தொன்பது வயதில் அவன் திருவிழாத் தேர் இழுப்பில் நடந்த கைகலப்பொன்றில் அகப்பட்டுக்கொண்டான். இரு தரப்பிலும் பன்னிருவர் மீது வழக்கு. ஊர்ப் பெரியோர் கூடிச் சமாதானம் செய்துவைக்க, வழக்கு தள்ளுபடியாயிற்று. அதன்பின் அவன் மேல் ஒரு குறையும் இல்லை. மாலையில் சிறுவர்களுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். இதையெல்லாம் நாம் தொலைபேசியில் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது ஒருவேளை நலமாயிருந்திருக்கும். “ஒன்றுமில்லை, வாலிப வயதுக் குறும்பு” என்று முடித்துவிட்டோம். அடுத்த கிழமை அவனுக்கு வேலை இல்லை என்ற செய்தி வந்தது. காரணம் கூறப்படவில்லை. அவன் நம்மிடம் வந்து கோபித்துக்கொள்ளவுமில்லை. “சாமி, நீங்க நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பீங்க. ஆனா ஒண்ணுமே சொல்லாம இருந்திருக்கலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

இதனைக் கேட்ட நண்பர் ஒருவர், இத்தகைய விசாரணைகளையே சட்டத்தால் தடைசெய்யவேண்டும் என்றார். அவ்வாறு கூற நமக்கு நா எழவில்லை. காரணம், விசாரியாமையால் விளைந்த கேடுகளையும் இவ்வுலகம் கண்டிருக்கிறது. இங்கிலாந்து நாட்டில் சோகம் என்னும் சிற்றூரில் 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பத்து வயதுச் சிறுமியர் இருவர் கொலையுண்டனர். கொன்றவன் அவ்வூரின் பள்ளியொன்றில் காப்பாளனாக வேலை பார்த்தவன். முன்னர் அவன் வாழ்ந்த மாவட்டத்தில் இளம்பெண்களிடம் முறைகேடாக நடந்ததாக அவன்மீது ஒன்றன்பின் ஒன்றாகக் குற்றச்சாட்டுகள் எழுந்திருந்தன. அங்குள்ள காவல்துறைக்குத் தெரிந்திருந்த அச்செய்திகள் பள்ளிக்கு எட்டவேயில்லை. 2004இல் வெளிவந்த பிச்சார்டு விசாரணைக் குழுவின் அறிக்கை இக்குறையை விரிவாக எடுத்துரைத்தது. குழந்தைகளுடன் பழகும் பணிகளுக்கு அந்நாடு கடுமையான சரிபார்ப்பு முறைகளை வகுத்தது அதன் பின்னரே.

பிறர் வீட்டுக் குறையைச் சொல்லிவிட்டு நம் வீட்டுக் குறையை மறைப்பது நேர்மையாகாது. அமெரிக்காவின் பாஸ்டன் உயர்மறைமாவட்டத்தில் 2002ஆம் ஆண்டு வெளிப்பட்ட செய்திகள் திருச்சபையைத் தலைகுனியச் செய்தன. சிறுவர்களுக்குத் தீங்கிழைத்த குருக்கள் ஒரு பங்கிலிருந்து மறு பங்கிற்கு மாற்றப்பட்டனர். புதிய பங்கின் பெற்றோருக்கோ ஒரு சொல்லும் சொல்லப்படவில்லை. அங்கே காக்கப்பட்டது குருவின் நற்பெயர். விலை கொடுத்தவை குழந்தைகள். அவ்வாண்டே அந்நாட்டு ஆயர்கள் டல்லசில் கூடி, சிறுவரோடு பழகும் குருக்கள், ஊழியர் அனைவரின் முன்வரலாறும் ஆராயப்படவேண்டும் என விதித்தனர். உண்மையில் இவ்விதியின் வித்து ஏற்கெனவே நம்மிடம் இருந்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 241ஆம் எண், ஒரு குருமடத்திலிருந்து விலக்கப்பட்டவன் மற்றொரு குருமடத்தில் சேர வந்தால், விலக்கப்பட்டதன் காரணத்தைப் பற்றி முந்தைய அதிபரின் சாட்சியத்தைப் பெறவேண்டும் என்கிறது. எழுதப்பட்ட விதி எல்லாக் காலத்திலும் கைக்கொள்ளப்பட்டதா என்பது வேறு கேள்வி.

ஆகவே, குழந்தைகள் காப்பகத்திற்கு ஆளெடுக்கும் அருட்சகோதரி, வருபவரின் முன்வரலாற்றைக் கேட்காமலிருப்பாரானால் அது இரக்கமாகாது. கடமை தவறலே ஆகும். பள்ளி வாகன ஓட்டுநரை அமர்த்தும் தாளாளர் அவரது ஓட்டுநர் உரிமத்தையும் விபத்து வழக்குகளையும் பார்த்தே தீரவேண்டும். காவலாளிகளை அனுப்பும் தனியார் நிறுவனங்களுக்கு 2005ஆம் ஆண்டின் சட்டம், அமர்த்தப்படுவோரின் நடத்தையையும் முன்வரலாற்றையும் அறிந்துகொள்வதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வீட்டுச் சாவியை ஒப்படைக்கிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள்.

நம் உள்ளத்தை உறுத்துவது அங்கன்று. சரக்குக் கிடங்கில் கணக்கெழுதுபவனின் சகோதரி எங்கே வாழ்க்கைப்பட்டாள் என்பது கணக்கேட்டை எவ்வாறு பாதிக்கும்? கேள்வி வேலையிலிருந்து பிறக்கும்போது அது விசாரணை. மனிதனின் பிறப்பிலிருந்தும் வீட்டிலிருந்தும் பிறக்கும்போது அது வேறொன்று. அந்த வேறொன்றை நம் நாடு நன்கு அறியும். ஆங்கிலேயர் 1871ஆம் ஆண்டு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றினர். 1911ஆம் ஆண்டுச் சட்டம் அதனைச் சென்னை மாகாணத்திற்கும் கொண்டுவந்தது. ஒரு மனிதன் திருடினானா என்று அச்சட்டம் கேட்கவில்லை. எக்குலத்தில் பிறந்தான் என்றே கேட்டது. மதுரைச் சீமையில் பிறமலைக் கள்ளர் குலத்து ஆடவர் கைரேகை பதித்து, இரவில் காவல் நிலையத்திற்குச் சென்று படுக்கும் நிலைக்கு ஆளாயினர். இதனை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் அச்சட்டம் ஒழிந்தது. ஏட்டிலிருந்து ஒழிந்த சட்டம், ‘எந்தத் தெரு?’ என்னும் கேள்வியாகத் தொலைபேசியில் நம்மிடம் வந்ததோ என்று பின்னர் எண்ணினோம்.

நம்பிக்கையையும் கொள்கையையும் துருவிய கதை ஒன்றும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் நகராட்சிப் பள்ளியொன்றை அரசு ஏற்றுக்கொண்டபோது, அங்கிருந்த ஆசிரியர் ஒருவரும் அரசுப் பணியாளர் ஆனார். அவர் முன்பு ஆர்.எஸ்.எஸ்., ஜனசங்கம் ஆகியவற்றின் நடவடிக்கைகளில் கலந்துகொண்டவர் எனக் காவல்துறை அறிக்கை கொடுக்க, பணி பறிபோயிற்று. 1983ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி அரசின் செயலைக் கண்டித்தார். தேவதூதர் மட்டுமே நுழைவதற்கு அரசுப் பணி என்ன விண்ணுலகமா என்னும் கருத்துப்பட அவர் வினவினார். அவ்வியக்கங்களின் கொள்கை நமக்கு உடன்பாடானதா என்பது இங்கே பொருளன்று. இன்று அவரைத் துருவும் கண்ணாடி நாளை செபமாலை அணிந்தவரையும் துருவும்.

இனி நம் இளைஞனைப் போன்றோரின் நிலைக்கு வருவோம். வழக்கில் அகப்பட்டு விடுதலையானவனைச் சட்டம் எவ்வாறு நோக்குகிறது? ஒருமுகமாக இல்லை என்பதே விடை. தமிழ்நாட்டுக் காவல் சார்நிலைப் பணி விதிகளில், ஐயத்தின் பயனால் விடுதலையானவரும், புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சி ஆனதால் விடுதலையானவரும், குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவர் என்று உள்ளது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் 2008இல் இவ்விதியை ஏற்றது. காவல் பணி துப்பாக்கியைக் கையில் கொடுக்கும் பணி. அங்கே கண்டிப்பு இருப்பதை நாம் குறைகூறவில்லை. ஆயின் இதே அளவுகோலைக் கிடங்குக் கணக்கருக்கும் ஜவுளிக்கடை விற்பனையாளருக்கும் எடுத்துச் செல்வோர் பலர்.

2011ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வேறொரு முகத்தைக் காட்டிற்று. தில்லிக் காவல்துறையில் தலைமைக் காவலருக்கான எழுத்துப் பணிக்கு விண்ணப்பித்த இளைஞர் ஒருவர், சமாதானத்தில் முடிந்த பழைய அடிதடி வழக்கைப் படிவத்தில் குறிக்கவில்லை. சம்பவத்தின்போது அவருக்கு வயது ஏறக்குறைய இருபது. நீதிபதிகள், இளமையில் அறியாமல் செய்த பிழையை வாழ்நாள் முழுதும் நெற்றியில் ஒட்டிவைத்தல் ஆகாது என்னும் நோக்கில் அவர் பக்கமே தீர்ப்பளித்தனர். ரொட்டித் துண்டைத் திருடியதால் வாழ்வெல்லாம் துரத்தப்பட்ட ஜான் வல்ஜானை, விக்டர் ஹியூகோவின் அந்தக் கதைநாயகனை, தீர்ப்பில் அவர்கள் நினைவுகூர்ந்தனர். 2016ஆம் ஆண்டு மூன்று நீதிபதிகள் அமர்வு இவ்விஷயத்தை மேலும் ஒழுங்குபடுத்தியது. விண்ணப்பிப்பவர் உண்மையை மறைத்தலாகாது. ஆயினும் மறைத்ததே போதும் என்று வேலை கொடுப்பவர் கண்ணை மூடிக்கொண்டு நீக்கலாகாது. குற்றம் எத்தன்மையது, வேலை எத்தன்மையது, இளவயதில் முழக்கமிட்டது போன்ற சிறு விஷயமா என்றெல்லாம் எடைபோட வேண்டும் என்பது அதன் சாரம். உண்மையைச் சொன்னவரைக் கட்டாயம் அமர்த்தவேண்டும் என்று அத்தீர்ப்பு கூறவில்லை என்பதையும் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். பதினெட்டு வயது நிரம்பாதோருக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தனிப் பாதுகாப்பு அளிக்கிறது: சிறுவயதுக் குற்றத்தால் பிற்காலத்தில் தகுதியிழப்பு நேரலாகாது. பதினாறு வயதுக்கு மேற்பட்டோர் பெருங்குற்றம் செய்து, வயது வந்தோராகவே விசாரிக்கப்பட்டால் மட்டும் இதற்கு விலக்கு உண்டு.

இங்கிலாந்தில் 1974ஆம் ஆண்டிலேயே மற்றொரு சட்டம் பிறந்தது. தண்டனை பெற்றவர் குறிப்பிட்ட சில ஆண்டுகள் வேறு குற்றமின்றி வாழ்ந்தால், அப்பழைய தண்டனை ‘செலவழிந்ததாக’க் கருதப்படும், பொதுவான வேலைகளுக்கு அதை அவர் சொல்லவேண்டியதில்லை. குழந்தைகளோடு பழகும் பணி முதலியவற்றிற்கு மட்டும் இச்சலுகை இல்லை. சிறுமியர் இருவரை இழந்து கண்ணீர் விட்ட அதே நாடு இவ்விரு சட்டங்களையும் ஒருங்கே வைத்திருக்கிறது. நம் நாட்டில் இதுபோன்ற பொதுச் சட்டம் ஒன்று இல்லை. 2017இல் ஒன்பது நீதிபதிகள் கூடி அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றனர். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. எனினும் வேலை தொடர்பான தேவைகளுக்கு அச்சட்டம் நிறுவனங்களுக்கு அகன்ற வாசலையே திறந்துவைத்திருக்கிறது.

சட்டத்தை விட்டு நம் மனச்சான்றுக்கு வருவோம். குருமடத்தில் அறநெறி இயல் கற்பித்த வயது முதிர்ந்த பேராசிரியர், எட்டாம் கட்டளையைப் பற்றிய பாடத்தில் இரண்டு பாவங்களைப் பிரித்துக் காட்டுவார். ஒருவன்மீது இல்லாத பழியைச் சுமத்துவது ஒன்று. அதை எல்லாரும் பாவமென்று அறிவர். மற்றொன்று, இருக்கின்ற குறையை, தகுந்த காரணமின்றி, அதை அறியாதவரிடம் வெளியிடுவது. “உண்மையைத்தானே சொன்னேன் என்பீர்கள், உண்மையே திருட்டுப் பொருளாகவும் ஆகலாம்” என்பார் அவர். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டிலும் 2477ஆம் எண்ணில் இந்தப் பிரிவினை காணப்படுகிறது. திருச்சபைச் சட்டத்தின் 220ஆம் எண்ணோ, ஒருவர் பெற்றிருக்கும் நற்பெயரை முறையின்றிக் கெடுக்கவும், அவரது அந்தரங்கத்தை மீறவும் எவருக்கும் உரிமையில்லை என்கிறது. அன்று வகுப்பில் இதை நாம் நன்றாக எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம். தொலைபேசி ஒலித்தபோது மறந்துபோயிற்று.

புனித பவுல் பிலமோனுக்கு எழுதிய சிறு திருமுகத்தை ஒருவகையில் நன்னடத்தைச் சான்றென்றே கூறலாம். தலைவனிடமிருந்து பிரிந்து வந்த அடிமை ஒனேசிமுவைத் திருப்பி அனுப்புகையில் எழுதியது அது. முன்பு உனக்குப் பயன்படாதவனாயிருந்தான், இப்போதோ பயனுள்ளவன் என்று அதிலும் வருகிறது. நாம் சொன்ன ‘திருந்திவிட்டான்’ என்னும் சொல்லும் இதுவும் ஒன்றல்லவா என்று முதலில் நம்மை நாமே தேற்றிக்கொள்ள முயன்றோம். ஒன்றல்ல. பவுல் எழுதியது நடந்ததை ஏற்கெனவே அறிந்த, அதனால் இழப்புற்ற பிலமோனுக்கு. அறியாத மூன்றாம் மனிதர் ஒருவருக்கல்ல. அன்றியும், அவன் ஏதேனும் கடன்பட்டிருந்தால் என் கணக்கில் எழுதிக்கொள் என்று பொறுப்பையும் தம் தோள்மேல் ஏற்றுக்கொண்டார். நாமோ ஒரு சொல்லை எறிந்துவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டோம்.

அதன்பின் சில பழக்கங்களை மாற்றிக்கொண்டோம். தொலைபேசியில் எவர் கேட்டாலும் எவரைப் பற்றியும் பேசுவதில்லை. எழுத்தில் கேட்டால் எழுத்தில் விடை. எழுதுமுன், என்ன வேலை, நாம் சொல்லப்போவது அவ்வேலைக்கு எவ்வகையில் தேவை என்று கேட்போம். எழுதியதை உரியவருக்குக் காட்டாமல் அனுப்புவதில்லை. அவர் அறியாத சான்று அவரைப் பற்றிய சான்றாகாது. எட்டு மாதம் அறிந்தவரை எட்டு மாதம் என்றே எழுதுகிறோம். இதனால் வருத்தப்பட்டுக்கொண்டு பக்கத்துப் பங்கிற்குச் சென்று வாங்கியவர்களும் உண்டு. சிறுவரோடு பழகும் பணியென்றால் மட்டும் நம் விதி மாறும். அங்கே நமக்குத் தெரிந்த உண்மையான ஆபத்து எதையும் மறைக்கமாட்டோம். அதை உரியவரிடம் முகத்துக்கு முன்பாகவே சொல்லிவிடுவோம். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டவை மட்டும் எவ்வகையிலும் வெளிவருவதற்கில்லை என்பதை நம் மக்கள் அறிவர்.

வேலை கொடுக்கும் நம் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. கடை வைத்திருப்போர், பட்டறை நடத்துவோர், வீட்டு வேலைக்கு ஆள் வைப்போர் பலர் இவ்விதழைப் படிக்கிறீர்கள். வேலைக்கு வரும் பெண்ணைப் பற்றி அவள் முன்பு வேலை செய்த வீட்டு அம்மாளிடம் கேட்கிறீர்களே, அந்த அம்மாள் சொன்னது என்னவென்று அவளிடமும் கேட்டதுண்டா? சம்பளப் பாக்கியைக் கேட்டதற்காகத் ‘திருடி’ என்று பெயர் சூட்டப்பட்டவளை நாம் அறிவோம். ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினால், சாத்தியது எதன்மேல் என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

நம் இளைஞன் சில மாதங்கள் அலைந்து திரிந்தபின், மின்மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறையொன்றில் சேர்ந்தான். அங்கே அவனிடம் கேட்டது ஒன்றே: காயில் கட்டத் தெரியுமா? மூன்றாண்டுகளில் தொழிலைக் கற்றுச் சொந்தமாக ஒரு சிறு பட்டறை வைத்தான். சென்ற ஆண்டு தவக்காலத்தில் அவனிடமிருந்து தொலைபேசி வந்தது. நம் இப்போதைய பங்கைச் சேர்ந்த ஒரு பையன் அவனிடம் வேலை கேட்டு வந்திருக்கிறானாம்.

“அவன் எப்படி சாமி? ஏதாவது பிரச்சினை உண்டா?” என்றான்.

“என்ன வேலைக்கு?” என்றோம்.

“பட்டறையிலேயே ராத்திரி தங்கணும். செம்புக் கம்பி இருக்கும். அதான் கேட்டேன்.”

கேள்வி நியாயமானதுதான். “தொலைபேசியில் வேண்டாம். அவனையும் கூட்டிக்கொண்டு வா, அவனை வைத்துக்கொண்டே கேள்” என்றோம். மறுமுனையில் ஒரு சிறு சிரிப்பு கேட்டது. அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்தபின் இருவரும் வந்து திண்ணையில் அமர்ந்தனர். முதல் கேள்வியை அவன் கேட்குமுன்பே, பையன் தானாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “அண்ணே, ஒரு விஷயம் சொல்லணும்” என்று தொடங்கினான்.